கசந்த கட்சிக்குக் காசு கொடுக்கலாமா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் கட்சிப் பணம் இரண்டு திசைகளில் ஓடுகிறது. தேர்தல் நெருங்கினால் பூத் செலவு, வண்டி வாடகை, டீ, சாப்பாடு என்று மாவட்டத்திலிருந்து ஒன்றியத்துக்கும், ஒன்றியத்திலிருந்து கிளைக்கும் இறங்குவது ஒன்று. கடைவீதியில் துண்டேந்தியும் உண்டியல் குலுக்கியும், தெருவில் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக நடந்தும் திரட்டி மேலே அனுப்பப்படுவது மற்றொன்று. முதல் வகைக் கட்சியில் ஆதரவாளர் வாங்குகிறவர். கட்சி ஏமாற்றினால் அவருக்கு வருத்தம் மட்டுமே மிஞ்சும். இரண்டாம் வகைக் கட்சியில் அவர் கொடுக்கிறவர். அவருக்கு வருத்தத்தோடு ஒரு முடிவும் காத்திருக்கிறது: அடுத்த வசூலுக்கு வந்தால் கொடுப்பதா, வேண்டாமா?

இந்த மாவட்டத்தில் அந்த முடிவை எடுக்க வேண்டியிருப்பவர்களில் பெரும்பாலோர் இடதுசாரி ஆதரவாளர்கள். 1962இலும் 1967இலும் புதுக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதி ஆர். உமாநாத்தைத் தேர்ந்தெடுத்தது, முதல் முறை ஒன்றுபட்ட கம்யூனிஸ்ட் கட்சியின் வேட்பாளராக, கட்சி பிளந்த பிறகு மார்க்சிஸ்ட் கட்சியின் வேட்பாளராக. 2006இல் ஆலங்குடியிலும் 2011இல் புதுக்கோட்டையிலும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி வென்றது. 2021இல் கந்தர்வகோட்டை தனித்தொகுதியில் மார்க்சிஸ்ட் கட்சியின் எம். சின்னதுரை வென்றார். இந்த வெற்றிகளுக்குப் பின்னால் கட்சி உறுப்பினர்களைவிடப் பெரிய ஒரு வட்டம் இருக்கிறது. விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர்கள், 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் இரவு வகுப்பு எடுத்தவர்கள், தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் (தமுஎகச) கலை இரவுகளுக்கு விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்கள், ஓய்வு பெற்ற ஊழியர்கள், சிறு கடைக்காரர்கள். கட்சி அட்டை இல்லாத இவர்கள்தான் உண்டியலின் வாடிக்கையாளர்கள். மனக்கசப்பும் இவர்களிடம்தான் கூடுதல். உறுப்பினருக்குக் கட்சிக் கட்டுப்பாடு உண்டு, மாநாடு உண்டு, அங்கே எழுந்து பேச வாய்ப்பு உண்டு. வெளியே நிற்கிற ஆதரவாளரிடம் இருப்பது பர்ஸ் மட்டும்.

கசப்பின் கணக்கு

கசப்பு எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்காமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

முதல் கசப்பு வேங்கைவயல். 2022 டிசம்பர் 26 அன்று, முத்துக்காடு ஊராட்சியைச் சேர்ந்த அந்தப் பட்டியல் சாதிக் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருப்பது தெரிய வந்தது. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. உயர் நீதிமன்றம் ஒருநபர் ஆணையம் அமைத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கலானது. மார்க்சிஸ்ட் கட்சி அதை ஏற்க மறுத்தது, சிபிஐ விசாரணை கேட்டது. ஆனால் அந்தக் காவல் துறையை நடத்திய திமுக அரசுக்கு அது தோழமைக் கட்சி. தெருவில் எதிர்ப்பு, சட்டமன்றத்தில் ஆதரவு என்ற இந்த இரட்டை நிலையை வேங்கைவயலுக்குப் பக்கத்து ஊர்களில் விளக்கிச் சொல்வது எளிதாக இருக்கவில்லை.

இரண்டாவது, தொழிலாளர் விவகாரங்கள். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் பேரவையில் நிறைவேறியபோது இடதுசாரிகள் வெளிநடப்புச் செய்தார்கள். சில நாட்களில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். கூட்டணிக்குள் இருந்து கொடுத்த அழுத்தம் பலித்தது என்று இதைச் சொல்லலாம். ஆனால் 2024இல் திருப்பெரும்புதூர் சாம்சங் ஆலையில் மார்க்சிஸ்ட் கட்சியைச் சார்ந்த சிஐடியு தலைமையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது, தொழிற்சங்கத்தைப் பதிவு செய்வதற்கே அதே அரசோடு போராட வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் மார்க்சிஸ்ட் கட்சியின் விழுப்புரம் மாநில மாநாட்டில், தமிழ்நாட்டில் அறிவிக்கப்படாத அவசரநிலை நடக்கிறதா என்று கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் கே. பாலகிருஷ்ணன் கேட்டார். கேட்டது சரி என்றவர்களும், கேட்டுவிட்டு ஏன் அங்கேயே இருக்கிறீர்கள் என்றவர்களும் ஒரே ஆதரவாளர் வட்டத்தில் இருந்தார்கள்.

மூன்றாவது கசப்புதான் நேரடியாகப் பணம் பற்றியது. 2019 மக்களவைத் தேர்தலுக்குப் பின் திமுக தேர்தல் ஆணையத்தில் தாக்கல் செய்த செலவுக் கணக்கில், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி ரூபாயும், மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடியும், கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்கு 15 கோடியும் கொடுத்ததாக இருந்தது. தேர்தல் செலவுக்காக வங்கி வழியே வந்த பணம், கணக்கில் காட்டப்பட்ட பணம் என்று இரண்டு கட்சிகளும் பதில் சொன்னன. சட்டப்படி அந்தப் பதிலில் ஓட்டை இல்லை. அந்தத் தேர்தலில் இரு கட்சிகளும் தமிழ்நாட்டில் தலா இரண்டு தொகுதிகளில் நின்று நான்கிலும் வென்றன. ஒரு வேட்பாளர் செலவு செய்யச் சட்டம் அனுமதித்த உச்சவரம்பு அப்போது 70 லட்சம் ரூபாய். கட்சி செய்யும் செலவுக்கோ வரம்பே கிடையாது. தவறு சட்டத்தில் இல்லை, உறவில் இருக்கிறது. கடைவீதியில் பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று திரட்டுகிற கட்சிக்கு இன்னொரு கட்சியிடமிருந்து ஒரே தவணையில் கோடிகள் வந்தால், அந்தப் பத்து ரூபாய்க்கு என்ன மதிப்பு? கட்சி யாருக்கு முதலில் பதில் சொல்லும்? ஆதரவாளரை உறுத்தியது இந்தக் கேள்விதான்.

சிறு நிதிக்கு ஆதரவாக

உண்டியல் வசூல் என்ற நடைமுறைக்கு வலுவான நியாயங்கள் உண்டு. கசப்பு இருக்கிறது என்பதற்காக அவற்றைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

தமிழ்நாட்டில் ஆட்சி மாறிய 1967ஆம் ஆண்டுக் கதையிலேயே இது இருக்கிறது. தேர்தல் நிதியாக திமுகவின் அண்ணா 10 லட்ச ரூபாய் இலக்கு வைத்தார். ஊர் ஊராகப் போய்த் திரட்டிய மு. கருணாநிதி 11 லட்சம் கொடுத்தார். விருகம்பாக்கம் மாநாட்டில் வேட்பாளர் பட்டியலை வாசித்த அண்ணா, சைதாப்பேட்டை என்று வந்ததும் ஆளின் பெயரைச் சொல்லாமல் பதினோரு லட்சம் என்று சொன்னார். இன்றும் மேடைகளில் சொல்லிச் சிரிக்கப்படும் இந்த நிகழ்ச்சியில் யாரும் அதிகம் கவனிக்காத செய்தி, ஆட்சியைப் பிடிக்கப் போகிற ஒரு கட்சியின் தேர்தல் நிதி ஊர் ஊராகப் போய்த் திரட்டக்கூடிய அளவில் இருந்தது என்பது. அதே கட்சி தேர்தல் பத்திரங்கள் வழியே பெற்றது சுமார் 656 கோடி ரூபாய். அதில் 509 கோடி லாட்டரி அதிபர் மார்ட்டினின் ஒரே நிறுவனம் கொடுத்தது. இடையில் ஓடிய அரை நூற்றாண்டில் ஆதரவாளர் கொடுக்கிறவர் என்ற இடத்திலிருந்து வாங்குகிறவர் என்ற இடத்துக்கு நகர்ந்துவிட்டார்.

இந்த ஆபத்தை நீதிபதி ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். 1957இல் டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் கட்சிகளுக்கு நன்கொடை தர வழி கேட்டு வந்த வழக்கில், சட்டம் தடுக்கவில்லை என்பதால் பம்பாய் உயர் நீதிமன்றம் அனுமதித்தது. ஆனால் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா, இந்தப் பழக்கம் ஜனநாயகத்தையே நெரிக்கக்கூடிய ஆபத்து என்று எச்சரித்தார். 1969இல் கம்பெனி நன்கொடை தடை செய்யப்பட்டது, 1985இல் திரும்ப அனுமதிக்கப்பட்டது. 2017இல் நிதிச் சட்டத்தின் வழியே தேர்தல் பத்திரம் வந்தது. கம்பெனிகளுக்கு இருந்த 7.5 சதவீத வரம்பும் போனது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. அந்த வழக்கில் மனுதாரராக நின்ற ஒரே பெரிய கட்சி, பத்திரம் வழியாக ஒரு ரூபாயும் வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்ட மார்க்சிஸ்ட் கட்சி. பத்திரத்தை மறுக்கும் துணிச்சலுக்கு அடியில் லெவியும் சந்தாவும் உண்டியலும் இருந்தன. மாதாமாதம் வருமானத்தில் ஒரு பங்கைக் கட்டுகிற உறுப்பினரும், சம்பளத்தைக் கட்சியிடம் ஒப்படைத்துவிட்டுக் கட்சி தருவதை வாங்கிக்கொள்கிற எம்.எல்.ஏ.வும் இல்லாமல் அந்த மறுப்பு சாத்தியமில்லை.

சிறு நிதியால் நடக்கும் வேலைகளை வேறு எந்த நிதியும் நடத்தாது என்பது அடுத்த நியாயம். தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992இல் வனத் துறையும் காவல் துறையும் நடத்திய கொடுமைக்கு எதிரான வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடு இருந்த 215 பேருக்கும் தண்டனை கிடைத்தது 2011இல். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பரில். கொடுமை நடந்ததிலிருந்து முப்பத்தொரு ஆண்டுகள். மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் நீதிமன்றத்துக்குக் கொண்டு போன வழக்கு. மலைவாழ் மக்கள் சங்கத்தின் பெ. சண்முகம் விடாமல் பிடித்து நின்ற வழக்கு. சாட்சிகளைப் பஸ் ஏற்றிக் கூட்டிப் போக வேண்டும், சாப்பாடு வாங்கித் தர வேண்டும், வக்கீலோடு பேச வேண்டும், அடுத்த வாய்தாவுக்கும் இதையே செய்ய வேண்டும். இதில் யாருக்கும் லாபம் இல்லை. அதனால் எந்தக் கம்பெனியும் இதற்கு நன்கொடை தராது. வேங்கைவயல் வழக்கும் எத்தனை ஆண்டுகள் ஓடும் என்று சொல்ல முடியாத வகையைச் சேர்ந்தது. கட்சி கூட்டணியில் இருக்கிறது என்று கோபித்துக்கொண்டு நாம் பணத்தை நிறுத்தினால், முதலில் வறள்வது கூட்டணிப் பேச்சுவார்த்தை நடத்துகிற குழு அல்ல. வாய்தாவுக்குப் போகிற ஆள்தான்.

குறைகள், கீரமங்கலத்துக் கணக்கில்

இதே நடைமுறையின் குறைகளைப் பார்க்க இந்த மாவட்டத்துக்காரருக்கு ஓர் அளவுகோல் கைவசம் இருக்கிறது. ஆடி, ஆவணியில் கீரமங்கலம், வடகாடு பக்கம் நடக்கும் மொய் விருந்துதான் அது. ஆட்டுக்கறி விருந்து போட்டு, கூட்டாகச் செலவைப் பங்கிட்டுக்கொண்டு, பல லட்சங்கள் மொய் வாங்குகிறார்கள். பணம் எண்ணும் மெஷின், நோட்டு எழுத ஆள், பாதுகாப்புக்கு ஆள் என்று பெரிய ஏற்பாடு. பார்க்க விருந்து போல இருந்தாலும் உள்ளே இருப்பது கறாரான கடன் முறை. யார் எவ்வளவு வைத்தார் என்பது நோட்டில் ஏறிவிடும். அவர் விருந்து வைக்கும்போது அது திரும்பப் போக வேண்டும், மேலே கொஞ்சம் சேர்த்தும் வைக்க வேண்டும். திருப்பாதவர் பெயர் ஊருக்குத் தெரியும். பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை, ஆனால் கணக்கு இருக்கிறது. வைத்தவருக்குக் கேட்கும் உரிமையும் இருக்கிறது.

கட்சி நன்கொடையில் இந்த இரண்டும் இல்லை. ரசீது கிடைக்கிறது, கணக்கு கிடைப்பதில்லை. திருப்பித் தர வேண்டியதில்லை என்பது நன்கொடையின் இயல்பு, அதில் குறை காண முடியாது. ஆனால் என்ன செய்தீர்கள் என்று கேட்கக்கூட ஒரு நாள், ஓர் இடம் இல்லை என்பது குறைதான்.

சட்டமும் இதில் நமக்குத் துணை வருவதில்லை. ஒருவர் ஓர் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் மட்டுமே அவர் பெயரைக் கட்சி தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017க்குப் பிறகு விதி வந்தது; ஆனால் அதற்குக் கீழே உள்ள எத்தனை ரசீதுகளையும் அடுக்கலாம். உண்டியல் வசூல் முழுவதும் இந்த வரம்புகளுக்குக் கீழே இருக்கிறது. உண்மையான உண்டியல் பணத்துக்கும், பெயர் சொல்ல விரும்பாத ஒருவரின் பணத்தைச் சிறு ரசீதுகளாக உடைத்துக் காட்டுவதற்கும் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது. நேர்மையான கட்சிக்கும் இதனால் களங்கம்தான்.

இதைச் சரிசெய்ய 2013இல் ஒரு வாய்ப்பு வந்தது. மத்தியத் தகவல் ஆணையம், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள் உட்பட ஆறு தேசியக் கட்சிகளும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று உத்தரவிட்டது. அதை எதிர்த்தவர்களில் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒன்று. கட்சியின் உள்விவாதங்களை எதிரிகள் தோண்டுவார்கள் என்ற அதன் அச்சத்தில் நியாயம் உண்டு. அப்படியானால் உள்விவாதத்தை விட்டுவிட்டு வரவு செலவை மட்டுமாவது மாவட்ட அளவில் தானே முன்வந்து திறந்திருக்கலாம். பத்திர வழக்கில் வெளிப்படைத்தன்மைக்காக வாதாடிய கட்சி, தன் உண்டியல் கணக்கை ஊருக்கு முன் வைக்கும் பழக்கத்தை வளர்க்கவில்லை.

இன்னொரு குறை, பணம் போகும் வழி. வசூலுக்குப் பெரும்பாலும் மேலிருந்து கோட்டா வருகிறது. கிளை திரட்டுகிறது, ஒரு பங்கு மேலே போகிறது. வேங்கைவயலுக்காகக் கொடுக்கிறேன், கூட்டணிப் பிரச்சாரத்துக்குக் கொடுக்கவில்லை என்று ரசீதில் எழுத முடியாது. கோட்டாவை நிரப்ப வேண்டிய நெருக்கடியில் கிளைத் தோழர், மனதுள்ளவரிடம் போவதைவிட மறுக்க முடியாதவரிடம் போகிறார். போராட்டத்தன்று கடையடைக்கச் சொன்ன கட்சிக்கு மறுநாள் கடைக்காரர் கொடுக்கும் நூறு ரூபாயில் ஆதரவு எவ்வளவு, சங்கடம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. சங்கடத்தில் வரும் பணத்தை ஆதரவு என்று எண்ணிக்கொள்ளும் கட்சி தன் பலத்தைத் தப்பாக எடை போடும். இதே மாவட்டத்தில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அதற்கு விலையும் கொடுத்திருக்கிறது. 2011இல் அதிமுக கூட்டணியில் புதுக்கோட்டையை வென்ற எஸ்.பி. முத்துக்குமரன் 2012இல் விபத்தில் இறந்தார். இடைத்தேர்தலில் அந்தத் தொகுதியை அதிமுக தோழமைக் கட்சிக்கு விடவில்லை; தானே நின்று வென்றது. உண்டியலில் விழுந்த பணம் தொகுதியைக் கேட்டு வாங்கும் பலமாக மாறவில்லை.

நிறுத்திப் பார்த்தவர்கள்

பணத்தை நிறுத்துவது ஒரு கட்சியைத் திருத்துமா? இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆம் ஆத்மி கட்சி தொடக்கத்தில் ஒவ்வொரு நன்கொடையாளரின் பெயரையும் தொகையையும் தன் இணையதளத்தில் போட்டது. நூறு ரூபாய் கொடுத்தவர்கூடத் தன் பெயரைப் பார்த்துக்கொள்ளலாம். 2016இல் அந்தப் பட்டியல் எடுக்கப்பட்டது. நன்கொடையாளர்களை மத்திய அரசின் அமைப்புகள் மிரட்டும் என்று காரணம் சொல்லப்பட்டது. அமெரிக்காவில் இருந்த மருத்துவரும் கட்சியின் பழைய தொண்டருமான முனீஷ் ராய்ஜாதா, பட்டியல் இல்லையேல் பணம் இல்லை என்று ‘சந்தா பந்த் சத்தியாகிரகம்’ ஒன்றைத் தொடங்கினார். பட்டியல் திரும்பி வரவில்லை. கட்சி வேறு வழிகளில் பணம் கண்டுபிடித்தது. பின்னாளில் தேர்தல் பத்திரங்களையும் வாங்கியது. ஏமாந்த சிறு நன்கொடையாளர்கள் விலகிய இடத்தைப் பெரிய நன்கொடையாளர்கள் நிரப்பினார்கள். கேள்வி கேட்டவர்கள் கட்சிக்கு வெளியே போய்விட்டதால், உள்ளே கேள்வியும் ஓய்ந்தது.

பிரிட்டனில் தீயணைப்புத் தொழிலாளர் சங்கம் வேறு விதமாகச் செய்தது. ஊதியப் போராட்டத்தில் தங்கள் கட்சி அரசே எதிரே நின்றதால் 2004இல் மாநாட்டில் வாக்களித்துத் தொழிற்கட்சியிலிருந்து விலகியது. இணைப்புக் கட்டணமும் நின்றது. பதினோரு ஆண்டுகள் கழித்து, கட்சித் தலைமை இடதுபக்கம் திரும்பிய பிறகு, 2015இல் மறுபடி இணைந்தது. கட்சி மாறியதற்கு இந்தச் சங்கத்தின் விலகல் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் விலகியபோது ஏன் விலகுகிறோம் என்பது மாநாட்டுத் தீர்மானமாகப் பதிவானது. திரும்பியபோது எதற்காகத் திரும்புகிறோம் என்பதும் பதிவானது. விலகிய காலத்தில் சங்கம் கரையவில்லை, பணம் சங்கத்திலேயே இருந்து வேலை செய்தது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. தனி ஆளின் நிறுத்தம் கட்சிக்கு ஒரு சிறு வரவுக் குறைவாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அமைப்பாக, காரணம் சொல்லி, திரும்பி வர நிபந்தனை வைத்து நிறுத்துவது அரசியலாகிறது. நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது முதல் வகையிலும் கீழே: உண்டியல் வரும்போது வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லச் சொல்வது. கிளைத் தோழர் அதை மழை பொய்த்ததாலோ மகள் கல்யாணச் செலவாலோ வந்த கை நெருக்கடி என்று எழுதிக்கொள்வார். கசப்பு மாவட்டக் குழுவை எட்டவே எட்டாது.

எந்தக் கட்சிக்கு, எதற்காக

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெளிவாவது, நன்கொடையின் எடை கட்சிக்குக் கட்சி மாறும் என்பதுதான். 2022–23இல் பாஜக காட்டிய வருமானம் 2,361 கோடி ரூபாய். மார்க்சிஸ்ட் கட்சி காட்டியது சுமார் 141 கோடி. பத்திரத்தில் நூற்றுக்கணக்கான கோடி வாங்கிய கட்சிக்கு ஆதரவாளரின் ஐந்நூறு ரூபாயால் ஆகப்போவது ஒன்றும் இல்லை. கொடுத்தாலும் நிறுத்தினாலும் அது தலைமைக்குத் தெரியாது. அத்தகைய கட்சியிடம் ஏமாந்தவருக்கு வாக்குதான் ஆயுதம், பர்ஸ் அல்ல. மார்க்சிஸ்ட் கட்சியும் மொத்தத்தில் ஏழைக் கட்சி அல்ல. அந்த 141 கோடியை மறைத்துவிட்டு அதற்காக இரக்கம் தேட வேண்டியதில்லை. ஆனால் ஒரு கிளையின், ஓர் ஒன்றியத்தின் அன்றாடம் உள்ளூர் வசூலில்தான் ஓடுகிறது. அந்த மட்டத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு எடை உண்டு, அதைக் கொடுத்தவரின் சொல்லுக்கும் எடை இருக்க முடியும்.

அடுத்தது, கசப்பின் வகை. கட்சி கூட்டணிப் பணத்தை வாங்கியது என்பதுதான் கசப்பு என்றால், உண்டியலில் போடுவதை நிறுத்துவது தர்க்கப்படி தலைகீழ். உள்ளூர் நிதி சுருங்கச் சுருங்க வெளிப்பணத்தின் தேவை பெருகும். அந்தக் கசப்புள்ளவர் கொடுக்கத்தான் வேண்டும். கொடுத்து, அடுத்த தேர்தலில் இந்த மாவட்டச் செலவை இந்த மாவட்டமே ஏற்கும், கூட்டணித் தலைமையிடம் கை நீட்டக் கூடாது என்று கேட்க வேண்டும். கேட்பதற்கான தகுதி கொடுத்தவருக்கே உண்டு. வேங்கைவயல் போன்ற ஒன்றில் கட்சி போதுமான அளவு உரக்கப் பேசவில்லை என்பது கசப்பு என்றால், பணம் அந்த வேலைக்கு நேராகப் போக வழி இருக்கிறது: வழக்கு நிதி, தீண்டாமை ஒழிப்பு முன்னணி, விவசாயத் தொழிலாளர் சங்கம், தொழிற்சங்கம். கட்சிக்குச் சந்தா கட்டக் கூடாது என்று நடத்தை விதி தடுக்கும் அரசு ஊழியரும் ஆசிரியரும் சங்கங்களை நாடுவது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. நெடுவாசலில் 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக ஊரே திரண்டு உட்கார்ந்தபோது, கட்சிகள் வந்து போயின. போராட்டத்தைத் தாங்கியது ஊர். அந்த வகைக் கொடைக்கு யாரும் ஏமாந்ததாகச் சொல்லிக் கேட்டதில்லை, ஏனென்றால் பணம் எங்கே போனது என்பது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதையும் எடைபோட வேண்டும். எல்லோரும் வேலைக்கு மட்டும் கொடுத்து, கட்சிக்குக் கொடுக்காவிட்டால், வேலைகளை இணைக்கும் அமைப்பை யார் நடத்துவது? வாச்சாத்தி வழக்கு ஒரு சங்கத்தால் மட்டும் நடக்கவில்லை. பின்னால் மாநிலம் தழுவிய கட்சி இருந்தது. மறுப்பு நியாயமானது. அதனால்தான் முழுவதையும் திருப்பிவிடச் சொல்லவில்லை. ஒரு பங்கு வேலைக்கு, ஒரு பங்கு கட்சிக்கு. கட்சிக்கான பங்கு கூடுவதும் குறைவதும் கட்சி கணக்குக் காட்டுவதைப் பொறுத்தது. குறைத்தால் வாய்மூடிக் குறைக்கக் கூடாது. இந்த ஆண்டு பாதிதான் தருகிறேன், காரணம் இது, இதைக் கிளைக் கூட்டத்தில் வாசியுங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது.

கட்சிக்கும் ஒரு கடமை மிஞ்சுகிறது, அது கடினமானதும் அல்ல. கீரமங்கலத்தில் பள்ளிக்கூடம் தாண்டாதவர்கள்கூட ஆயிரக்கணக்கான பெயர்களோடு மொய் நோட்டைப் பராமரிக்கும் மாவட்டத்தில், ஓர் ஒன்றியக் குழு ஆண்டுக்கு ஒரு முறை இவ்வளவு வந்தது, இவ்வளவு மேலே போனது, இவ்வளவு வழக்குக்கு, இவ்வளவு மேடைக்கு என்று ஒரு தட்டியில் எழுதிக் கடைவீதியில் வைக்க முடியாது என்பதை ஏற்க முடியாது. தகவல் உரிமைச் சட்டம் வேண்டாம் என்று சொன்ன கட்சி, சட்டம் இல்லாமலே அதைச் செய்து காட்டினால் அதன் அன்றைய வாதத்துக்குப் பாதி பலமாவது கிடைக்கும்.

கொடுப்பதை முழுவதும் நிறுத்தும் கட்டம் ஒன்று உண்டு. கட்சி தவறு செய்யும்போது அல்ல. எல்லாக் கட்சியும் தவறு செய்யும், கூட்டணியில் இருக்கும் சிறு கட்சி அதிகமாகவே செய்யும். கொடுத்துவிட்டுக் கேட்டவரை எதிரி என்று பேசத் தொடங்கும்போதுதான் அந்தக் கட்டம் வருகிறது. கேள்வியை ஏற்காத கட்சிக்குக் கொடுக்கும் பணம் தலைமையின் மௌனத்துக்குக் கொடுக்கும் பணமாகிவிடும். அதுவரை, ஏமாந்த ஆதரவாளர் கொடுக்க வேண்டும், குறைத்தாவது கொடுக்க வேண்டும், ஏன் குறைத்தார் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.